சிட்னியில் தெரியாத ஆட்டம்

மயூரா மெல்பேர்னில் விளையாடிய அந்த ஆட்டத்தை யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருந்து பார்க்கலாம். லண்டனிலும் ரொறன்ரோவிலும் பார்க்கலாம். அவளுடைய அம்மா கமலினி இருந்த சிட்னியில்தான் பார்க்க முடியாது.

கமலினிக்கு இது ஆட்டத்தன்றுதான் தெரிந்தது. சிட்னியின் வெஸ்ட்மீட்டில் ஒரு வைத்தியசாலைக் குசினியில் அவளுக்கு வேலை. நோயாளிகளுக்குப் போகும் சாப்பாட்டுத் தட்டுகளைச் சரிபார்த்து வண்டியில் அடுக்கி அனுப்ப வேண்டும். லீவு எடுத்துக்கொண்டு மெல்பேர்னுக்கே போயிருக்கலாம். மயூராதான் விடவில்லை.

"வேண்டாம் அம்மா. நீங்க வந்தா எனக்குப் பந்து தெரியாது, உங்கட முகந்தான் தெரியும்."

மாநிலப் பெண்கள் கிரிக்கெட் அணியில் அவளுக்கு அதுதான் முதல் ஆட்டம். சிறுவயதில் அவளுக்கு மட்டை வாங்கிக் கொடுத்தவர் அப்பா கதிர்காமநாதன். அவர் மாரடைப்பில் போன பிறகு, விளையாட்டை விடு என்று சொல்லக் கமலினிக்கு மனம் வரவில்லை. ஆனால் பயம் ஒருநாளும் விட்டதில்லை. முன்பொரு முறை இதே சிட்னியில் கழுத்தில் பந்து பட்டு ஓர் இளம் வீரர் இறந்துபோனார். அந்த வாரம் சனங்கள் வீட்டு வாசல்களில் மட்டைகளைச் சாய்த்துவைத்து அஞ்சலி செய்தார்கள். வேலைக்குப் போகிற வழியெல்லாம் அந்த மட்டைகளைப் பார்த்துக்கொண்டு நடந்தவள் அவள். அப்போது மயூரா பள்ளிக்கூடப் பிள்ளை.

மத்தியான இடைவேளையில் கமலினி கைப்பேசியைத் திறந்தாள். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி ஆங்கிலத்தில் வந்தது. உங்கள் பிரதேசத்தில் இந்த ஒளிபரப்பைப் பார்க்க முடியாது.

எதிர்க் கதிரையில் பிரேம்நாத் கோப்பி குடித்துக்கொண்டிருந்தான். ஈப்போவில் இருந்து படிக்க வந்து, இங்கேயே தாதியாக வேலைக்குச் சேர்ந்த மலேசியத் தமிழன். அவனிடம் நீட்டினாள்.

"இது ஏன் தம்பி வருதில்லை?"

"இங்க வராது ஆன்ட்டி. இந்த நாட்டுக்குள்ள காட்டுற உரிமைய ஒரு சேனல் வாங்கி வச்சிருக்கு. இன்னைக்கு அவங்க வேற மேட்ச் போடுறாங்க."

"அவை போடாட்டி மற்ற ஆக்கள் போடலாம்தானே?"

"முடியாது. அவங்க காட்டினாலும் காட்டாட்டியும் உரிமை அவங்களோடது. வெளிநாட்டுல இத யாரும் வாங்கல, அதான் அங்க இன்டர்நெட்டுல சும்மா விட்டிருக்காங்க. நம்ம போன் எந்த நாட்டுல இருக்குன்னு பாத்து இங்க மட்டும் அடைச்சிடுவாங்க." அவன் கோப்பியை வைத்துவிட்டுச் சிரித்தான். "அந்தக் காலத்துல மெல்பேர்ன்ல நடக்கிற ஃபுட்டிய, அதான் இவங்க ஃபுட்பால, மெல்பேர்ன்லயே நேரடியா காட்ட மாட்டாங்களாம். வீட்டுல உக்காந்து பாத்தா கிரவுண்டுக்கு டிக்கெட் வாங்கி யாரு வருவா?"

"அப்ப கிட்ட இருக்கிறவைக்குத்தான் தெரியாது" என்றாள் கமலினி.

உள்ளுக்குள் அவளுக்கு ஒரு நிம்மதியும் இருந்தது. பார்க்க வழியில்லை என்றால் பார்க்க வேண்டியதில்லை. முடிந்த பிறகு மயூரா கோல் எடுப்பாள்; அதுவரை கோயிலுக்கு வைத்த நேர்த்தியை நினைத்துக்கொண்டு இருந்துவிடலாம். அந்த நிம்மதி நிலைக்கவில்லை. கொக்குவிலில் இருந்து தங்கை தாரிணி வாட்ஸப்பில் அழைத்தாள்.

"அக்கா, பிள்ளை வந்திட்டாள்! லப்டொப்பில வடிவாத் தெரியுது. பச்சைத் தொப்பி போட்டிருக்கிறாள்."

"தொப்பியோ, ஹெல்மெட்டோ?"

"ஹெல்மெட்தான், ஹெல்மெட்தான். முகத்துக்கு முன்னால கம்பியும் இருக்கு. நீ பயப்பிடாதை."

தாரிணிக்குக் கிரிக்கெட் தெரியாது. தெரியாததால் கண்ணில் பட்டதையெல்லாம் சொன்னாள். பந்து போடுகிறவள் ஓடி வருகிறாள், நல்ல உயரமான பிள்ளை. மயூரா மட்டையை நிலத்தில் தட்டுகிறாள். அடித்துவிட்டாள். பந்து கோட்டுக்குப் போய்விட்டது. சனம் கை தட்டுகிறது. கமலினி ஒரு காதில் கைப்பேசியை அழுத்திக்கொண்டு மறு காதைக் கையால் பொத்தினாள். பிரேம்நாத் எழுந்து போகாமல் இருந்தான்.

"இப்ப பதினெட்டு அக்கா. பேருக்குப் பக்கத்தில போட்டிருக்கு. உயரமானவள் திரும்ப ஓடி வாறாள்... வாறாள்..."

சத்தம் நின்றது.

"தாரிணி?"

"ஐயோ."

"என்ன? என்னெண்டு சொல்லு!"

"விழுந்திட்டாள் அக்கா."

"ஆர்? பந்து போட்டவளோ?"

"எங்கட பிள்ளை. தலையில... எல்லாரும் ஓடி வருகினம். ஹெல்மெட்டைக் கழட்டுகினம். ஐயோ, அவள் எழும்..."

தொடர்பு அறுந்தது.

கமலினி திரும்ப அழைத்தாள். கிடைக்கவில்லை. மீண்டும் அழைத்தாள். கொக்குவிலில் கரண்ட் போயிருக்கலாம், நெற்வேர்க் போயிருக்கலாம். மயூராவின் இலக்கத்துக்கு எடுத்தாள். ஆட்டம் நடக்கும்போது வீராங்கனைகளின் கைப்பேசிகளை வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் எடுத்தாள். மகள் எப்போதோ பதிந்து வைத்த குரல், இப்போது பேச முடியாது, செய்தி விடுங்கள் என்று ஆங்கிலத்தில் உற்சாகமாகச் சொன்னது.

எழும்பு என்றுதானே தாரிணி சொல்ல வந்தாள்? எழும்புகிறாள் என்றா, எழும்பவில்லை என்றா?

அவளுடைய தம்பி சிறி கடைசி யுத்தத்தின்போது வன்னிக்குள் அகப்பட்டிருந்தான். அவனோடு கடைசியாகக் கதைத்த நாளும் இப்படித்தான் பாதி வசனத்தில் அறுந்தது. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் என்ன நடந்தது என்று அவள் பார்த்த எந்த ரீவியும் காட்டவில்லை. இங்கே, இதே நகரத்தில், கைப்பேசியைக் கையில் பிடித்தபடி நாள்கணக்காக இருந்தாள். சிறிக்கு என்ன ஆனது என்று இன்றுவரை தெரியாது.

"தம்பி," என்றாள். பிரேம்நாத்தின் பக்கம் திரும்பினாள். "எப்பிடியாவது எனக்கு அதைக் காட்டும்."

பிரேம்நாத் தன் கைப்பேசியை எடுத்தான். கைப்பேசி வெளிநாட்டில் இருப்பதாகக் காட்டும் ஏதோ ஒரு செயலியை இறக்கினான். திரையில் வட்டம் சுற்றியது, நின்றது, திரும்பவும் சுற்றியது. கடைசியில் படம் வந்தது. வெயில், பச்சைப் புல், யாரோ பந்தை எறிகிறார்கள். மட்டையோடு நின்றது வேறொரு பெண். மயூரா எங்கும் இல்லை. கீழே அவளுடைய பெயருக்குப் பக்கத்தில் பதினெட்டு என்றும், காயத்தால் வெளியேறினார் என்றும் இருந்தது.

"மேட்ச் நடக்குது பாருங்க ஆன்ட்டி. பெருசா ஏதாச்சும்னா நிறுத்தியிருப்பாங்க. அன்னைக்கு அந்த வீரருக்குப் பட்டப்ப நிறுத்தினாங்கல்ல?"

அவன் சொன்னது நியாயம்தான். ஆனாலும் கமலினிக்கு அந்த ஆட்டம் நடப்பதைப் பார்க்கத்தான் கூடுதல் பயமாக இருந்தது. தன் பிள்ளை விழுந்த இடத்தில் இன்னொருத்தி நின்று சிரிக்கிறாள். பார்க்கிற ஒருவருக்கும் அங்கே ஏதாவது நடந்ததாகவே தெரியாது.

கைப்பேசி அடித்தது. முன்பின் தெரியாத இலக்கம். கமலினி பச்சையை அழுத்தினாள்.

"அணியில் இருந்து பேசுகிறேன். மயூராவின் அம்மாவா?" என்று ஒரு பெண் ஆங்கிலத்தில் கேட்டாள்.

ஓம் என்று சொல்ல அவளால் முடியவில்லை. அந்த ஒரு சொல்லைச் சொன்னால் அடுத்ததைக் கேட்க வேண்டி வரும். கைப்பேசியைப் பிரேம்நாத்திடம் கொடுத்துவிட்டு, அவனுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் கேட்டான், தலையாட்டினான், ஏதோ கேள்வி கேட்டான், திரும்பவும் தலையாட்டினான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தாதிகளுக்கு அது பழக்கம்.

பிறகு கையால் கைப்பேசியை மூடிக்கொண்டு சொன்னான்: "மயூரா நல்லாப் பேசுறா ஆன்ட்டி. காதுக்குப் பின்னால பட்டிருக்கு. ஹெல்மெட்டுக்குப் பின்பக்கம் இருக்கிற காப்பு தாங்கிடுச்சு. ஸ்கேன் எடுக்கக் கூட்டிட்டுப் போறாங்க. இந்தாங்க."

"அம்மா?" மயூராவின் குரல் நித்திரையில் இருந்து எழும்பினவளைப்போல இருந்தது. "ஐ ஆம் ஓகே. நீங்க பார்க்கேல்லைத்தானே? ஆஸ்திரேலியாவில வராது எண்டு நினைச்சு சந்தோசப்பட்டனான்."

"நான் வாறன்" என்றாள் கமலினி. "இப்பவே வாறன். நீ நித்திரை கொள்ளாதை."

தாரிணி அழுதபடி திரும்ப எடுத்தபோது கமலினி விமான நிலையத்துக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தாள். அக்கா, மன்னிச்சுக்கொள், நான் சொல்லியிருக்கக் கூடாது என்று தாரிணி திரும்பத் திரும்பச் சொன்னாள். "நீ சொன்னதுதான் நல்லது" என்றாள் கமலினி. அது உண்மையா என்று அவளுக்கே தெரியவில்லை.

பொழுது சாயும்போது மெல்பேர்ன் வைத்தியசாலைக் கட்டிலருகே போய்ச் சேர்ந்தாள். மயூராவின் காதுக்குப் பின்னால் நாவற்பழ நிறத்தில் வீங்கியிருந்தது. ஸ்கேனில் இரத்தக்கசிவு இல்லை என்று வைத்தியர் சொன்னார். ஆனால் பந்து பட்டதும், அதற்கு முன் ஆடியதும் அவளுக்கு நினைவில் இல்லை.

"நான் எத்தினை அடிச்சனான் அம்மா?"

"பதினெட்டு."

சிறிது நேரம் கழித்துத் திரும்பவும் அதையே கேட்டாள். முன்பு கேட்டது ஞாபகமில்லாமல், அதே குரலில். கமலினி தாதியைப் பார்த்தாள். இது வழக்கம்தான், நாளைக்குள் சரியாகிவிடும் என்று தாதி சொன்னாள். அதை நம்புவதற்குக் கமலினிக்கு அந்த இரவு முழுவதும் பிடித்தது. மகள் கேட்ட ஒவ்வொரு தடவையும், முதல் தடவை சொல்வதுபோலப் பதினெட்டு என்று சொன்னாள்.

விடிந்தபோது மயூரா அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. பசிக்குது என்றாள்.

தலையிடி சில வாரங்கள் இருந்தது. அதன் பிறகு பயிற்சிக்குப் போகப் போவதாகச் சொன்னாள். வேண்டாம் என்ற சொல் கமலினியின் வாய்வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இனி நான் கிரவுண்டுக்கு வருவன். என்ர முகம் தெரிஞ்சாலும் பரவாயில்லை. இதுக்கு மட்டும் ஓம் எண்டு சொல்லு."

"ஓகே அம்மா" என்றாள் மயூரா.

அடுத்த ஆட்டம் சிட்னியிலேயே நடந்தது. அதையும் இந்த நாட்டில் எந்தத் திரையிலும் காட்டவில்லை. கமலினி எல்லைக் கயிற்றுக்கு அருகே, அணி வைத்தியர் இருந்த பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தாள். பந்து போடுகிறவள் ஓடி வந்த ஒவ்வொரு முறையும் மட்டையோடு நின்ற மயூராவின் ஹெல்மெட்டையே பார்த்தாள். பக்கத்தில் இருந்த ஒரு பெண் உங்கள் மகள் யார் என்று கேட்டாள். கமலினி கண்ணை எடுக்காமல் கையை நீட்டிக் காட்டினாள்.