கிடைக்கக் கூடாதென்று ஒரு மொட்டை

பெற்ற மகள் தோற்றுப்போக வேண்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொண்டவன் நான். முருகனுக்கு மொட்டை போடுவதாக நேர்ந்துகொண்டு கேட்டேன். கொடுத்துவிட்டான்!

ஒரு தகப்பன் செய்கிற காரியமா என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள்...

மரக்காணம் உப்பளத்தில் எனக்கு வேலை. படிப்பு எட்டாவதோடு சரி. மகள் செல்வி ஜெர்மனியில் வானத்தை ஆராய்கிறாள். புதிதாய்ப் பிறந்த நட்சத்திரத்தைச் சுற்றித் தட்டுப் போலத் தூசி இருக்குமாம். அதைப் படம் எடுப்பதுதான் அவள் வேலை.

“வெயில்ல தூரத்து வரப்புல யார் வர்றாங்கன்னு பாக்க, கையால சூரியனை மறைச்சிக்குவியேப்பா? அப்படித்தான். நட்சத்திரத்தை மறைச்சிட்டுத் தூசியைப் பாக்குறோம்.”

அவள் எடுத்த படத்தில், தூசிக்கு நடுவே வட்டமாய் ஒரு காலிப்பாதை. அங்கே ஒரு கோள் சுற்றிக்கொண்டிருக்கலாமாம். இன்னொரு முறை எடுத்தால் தெரிந்துவிடுமாம்.

“தெரியலன்னா?”

“மூட்டை கட்டிக்கினு ஊருக்கு வந்துடறேன். பாண்டியில ஏதாவது காலேஜ்ல சேர்ந்துக்கிறேன், போதுமா?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு அது போதுமாயிருந்தது. அவள் அம்மா போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் நான் ஒருவன். ஒரு ஆளுக்குச் சோறு வடிக்க இன்னும் கை பழகவில்லை...

முருகா, அங்கே ஒன்றும் இருக்க வேண்டாம்!

ஒரு மாதம் கழித்துப் போன் வந்தது. “வெறும் தூசிதாம்பா. ஒண்ணும் தெரியல.” அழுதாள். “பரவால்ல பாப்பா” என்றேன். சந்தோஷத்தில் நடுங்கிய என் குரலைத் துக்கம் என்று நினைத்தாள்! மறுநாளே மயிலம் முருகன் கோயிலுக்குப் போய் முடி இறக்கினேன்.

வீடியோவில் பார்த்ததும் அழுகையை மறந்துவிட்டாள். “இன்னாப்பா இது, எண்ணெய் தேச்ச பானை கணக்கா! எனக்காக வேண்டிக்கினியா?”

“ஆமா” என்றேன். பொய்யில்லையே!

அவள் கண் கலங்கியது. “கெடைக்கலன்னு தெரிஞ்சும் போய்ப் போட்டியா? நீயே இவ்ளோ நம்புறப்ப நான் எப்படிப்பா விட்டுட்டு வர்றது? இன்னும் ரெண்டு வருஷம் இருந்து, பெரிய டெலஸ்கோப்ல பாக்குறேன்.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் வருவாளா? வந்தாலும் என் முகத்தைப் பார்ப்பாளா?

முடி வளர்ந்துவிட்டது. கிருத்திகைக்குக் கிருத்திகை மயிலம் போகிறேன். “வேண்டிக்கினியா?” என்று மறக்காமல் கேட்கிறாள். “வேண்டிக்கினேன்” என்கிறேன்.

உண்மையில்... கைகூப்பி நிற்கிறேன், அவ்வளவுதான். அவளுக்குக் கிடைக்கட்டும் என்று சொல்ல வாய் திறந்தால், வீட்டின் காலி அறை கண்முன் வந்துவிடுகிறது. பழையபடி கேட்கவோ பயம்.

“நகருங்க பெரியவரே” என்கிறார்கள் பின்னால். நகர்ந்துவிடுகிறேன்.