புதுக் கல்லில் முதல் நெத்திலி

கருகிய வெல்லத்தின் வாடை இனிப்பாக இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது தொண்டையைப் பிடிக்கும், கண்ணைக் கரிக்கும், அந்த வெள்ளிக்கிழமை காலையில் மலாக்கா பக்கம் செலண்டாரில் எங்கள் பலகை வீட்டுச் சமையலறையை நிறைத்துத் தெருவரைக்கும் போனது.

அப்பா இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவர் வேலை செய்த ரப்பர் தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டு வந்திருந்தோம். வாசலில் தோசை சுட்டு விற்றுத்தான் பிள்ளைகளைப் படிக்கவைப்பது என்று முடிவெடுத்த அம்மா, சீனர் கடையில் கனத்த வார்ப்பிரும்புத் தோசைக்கல் ஒன்றை வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். தேங்காய் நாரால் தேய்த்து, கஞ்சித் தண்ணீரில் ஊறப்போட்டு, அடுப்பில் ஏற்றுவதற்குள் மஸ்ஜித் தானா ஊரிலிருந்து அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, மருமகள் செல்வியோடு வந்து இறங்கிவிட்டார்.

புதுக் கல்லில் முதலில் இனிப்புத் தோசைதான் ஊற்ற வேண்டும், அதையும் புருஷன் உயிரோடிருக்கும் ‘கட்டுக்கழுத்தி’தான் ஊற்ற வேண்டும் என்பது அத்தையின் சட்டம்.

“நீ தொடாதம்மா, அப்புறம் யாவாரம் வெளங்காது. செல்வி ஊத்தட்டும்.”

மாவு அரைத்தது அம்மா, நாளை முதல் அடுப்பில் வேகப்போவதும் அம்மா. முதல் கரண்டி மட்டும் அம்மாவுக்கு ஆகாதாம். அம்மா கதவோரம் போய் நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

‘குலா மலாக்கா’ வெல்லம் கரைத்த மாவைச் செல்வி அண்ணி ஊற்றினார். பழகாத இரும்பில் வெல்லத்தை ஊற்றினால் என்ன ஆகும்? பசைபோல ஒட்டிக்கொண்டு கருகியது. அத்தை கல்லைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தார்.

“நீ எதுக்கு அங்க வந்து நிக்கிற?”

அவ்வளவுதான். அம்மா விடுவிடுவென்று வந்தார், அண்ணியின் கையிலிருந்த கரண்டியை வாங்கினார், கருகலைச் சுரண்டி எறிந்தார், எண்ணெயைத் தாராளமாக ஊற்றி வெங்காயத்தையும் ஒரு கை நெத்திலிக் கருவாட்டையும் போட்டு வதக்கினார்.

“ஐயோ, வெள்ளிக்கெழம அதுவுமா!”

“கல்லுக்கு எண்ணெதான் தெரியும், தாலியெல்லாம் தெரியாதுக்கா.”

அதை வழித்தெடுத்துவிட்டு அம்மா ஊற்றிய முதல் தோசை ஓரத்தில் கொஞ்சம் கிழிந்தது, அதனால் என்ன. அடுத்தது முழுசாகக் கழன்று வந்தது. அத்தை தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டார். செல்வி அண்ணி மட்டும் நெத்திலியோடு நின்றபடியே இரண்டு தோசையை விழுங்கிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு மாமியார் பின்னால் ஓடினார்.

அந்தத் தோசையில்தான் நாங்கள் படித்தோம். இப்போது அந்த வீடு இல்லை, அங்கே கைப்பேசிக் கடை இருக்கிறது. அத்தையும் இல்லை. அவருடைய சட்டமும் அவரோடு போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

போன மாதம் பத்து பெரண்டாமில் என் புதுவீட்டில் பால் காய்ச்சும்போது, கூடத்திலிருந்த கண்கள் ஒரு கட்டுக்கழுத்தியைத் தேடின. நான் பால் பாத்திரத்தை அம்மாவிடம் நீட்டினேன். வெள்ளிக்கிழமையில் கருவாடு வதக்கிய என் அம்மா பின்வாங்கினார்.

“வேணாம்மா, ஒன் மாமியார் வீட்டு ஆளுங்கல்லாம் இருக்காங்க லா.”

காலம் அவரை அந்த அளவுக்குத் தேய்த்திருந்தது. கையைப் பிடித்து இழுத்து வந்து அடுப்பு முன்னால் நிறுத்தினேன். பால் பொங்கியது. பிடிக்காதவர்கள் குடிக்காமல் போகட்டும் என்று வாசல் கதவை அகலத் திறந்துவைத்துவிட்டு, முதல் குவளையை அம்மாவுக்கு ஊற்றினேன்.