பனி மெஷினுக்கு வந்த அடைப்பு

துபாயில் ஒரு மாலுக்குள் இருக்கும் பனி அரங்கில் எனக்கு டூட்டி என்றதும் ஊரில் யாரும் நம்பவில்லை. நாங்கள் தங்கியிருந்த சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில், "கொடுத்து வச்சவன்யா நீ" என்றார்கள். உண்மைதான். அதற்கு முந்தைய இரண்டு கோடையும் மொட்டைமாடிகளில் ஏசி ரிப்பேர் பார்த்தவன் நான். தகரத்தில் கை பட்டால் தோல் உரிந்துவிடும்.

அரங்கில் என் பொறுப்பு, பனி தள்ளும் மெஷின். ஓரங்களில் குவியும் பனியை முன்னால் சுழலும் தகடு அள்ளும். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் அதைத் தூர வீசும். கரண்டில் ஓடுவது, புகை கிடையாது. முதல் வாரமே குழாய் அடைத்துக்கொண்டது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கட்டையால் குத்தினால், உள்ளே பாறை மாதிரி ஐஸ். அடைப்போடு ஓட்டினால் ஷியர் பின் ஒடியும். கியர்பாக்ஸைக் காப்பாற்றுவதற்காகத் தான் ஒடிந்துகொள்ளும் சின்ன ஆணி அது. பத்து நாளில் நாலு பின் ஒடித்தேன். பெல்ட்டை இறுக்கினேன், குழாய்க்குள் மெழுகு தேய்த்தேன். ஊஹூம்.

சூப்பர்வைசர் திருநெல்வேலிக்காரர். "நாளைக்கும் அடைச்சுதுன்னா வெளிக் கம்பெனிக்குக் கொடுத்திருவேன். நீ பழையபடி மாடிக்குப் போயிரு" என்றார். அப்போது ஆகஸ்ட் மாதம்.

அன்று மதியம், வெளியே லோடிங் யார்டில் வெயிலில் கிடந்த ஸ்பானரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். கை தவறிப் பனியில் விழுந்தது. எடுத்தால் ஸ்பானர் முழுக்கப் பனி அப்பியிருந்தது. சூட்டில் இளகி, அப்படியே இறுகிவிட்டது; உதறியும் விழவில்லை. உள்ளேயே கிடந்த இன்னொரு ஸ்பானரைப் பனியில் போட்டு எடுத்தேன். ஒரு தட்டில் எல்லாம் உதிர்ந்துவிட்டது.

தலையில் அடித்துக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும் வேலை முடிந்ததும், துருப்பிடிக்கக் கூடாதே என்று மெஷினை யார்டில் வெயிலில் காயவைத்து, சூடு ஆறுவதற்குள் அடுத்த சுற்றுக்கு மறுபடி உள்ளே தள்ளிக்கொண்டு போனவன் நானேதான். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஈரம் என்றால் வெயிலில் போடுவது என் கைப்பழக்கம்.

அன்று மெஷினை உள்ளேயே விட்டுவிட்டுப் போனேன். மறுநாள் காலை சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, சுவிட்சைப் போட்டேன். பனி எதிர்ச்சுவர் வரைக்கும் பறந்தது. ஒரு மணி நேரம் ஓட்டியும் அடைக்கவில்லை. சந்தோஷத்தில் சத்தமாகச் சிரித்தேன்.

"என்னல செஞ்ச?" என்றார்.

பெல்ட்டைச் சரிசெய்தேன் என்று சொல்லிவிடலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் ஒடித்த நாலு பின்னும் மனதை உறுத்தின. பயந்துகொண்டே நடந்ததைச் சொல்லிவிட்டேன்.

"ஏல, வெயில்ல காயப்போட அது என்ன மோர் மிளகாயா?" என்று கேட்டுவிட்டு, அவரே சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பி நடந்தார். கதவருகே நின்று சொன்னார்: "இனிமே மெஷினு உள்ளயே கிடக்கட்டும். நீயும் உள்ளயே கிட."