ஏரிக்கரையின் சிவப்புப் பாறை

பிரஷ் கழுவுவது வெர்னாவின் வேலை. ஏரியிலிருந்து கேபினுக்குத் திரும்பியதும் அவள் புருஷன் எல்வுட் அடுப்போரம் காலை நீட்டிவிடுவான். அவள் டர்பன்டைன் டப்பாவோடு உட்காருவாள். அவனுடையது பதினொன்று. அவளுடையது ஒன்று, அதுவும் முடி கொட்டிப்போனதென்று அவன் கழித்துப் போட்டது.

மேப்பிள் இலை சிவக்கும் வாரத்தில் எங்கள் ஓவியக் கூட்டம் இந்தக் காட்டுக்கு வந்துவிடும். ஏழு பேர். உட்கார்ந்து வரைய வாகாக இருப்பது ஒரே ஒரு சரிவுப் பாறை. அதன் கீழ் நுனியில், எல்லோருக்கும் முன்னால், எல்வுட் மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொள்வான். மின்கம்பம் ஏறும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். முதுகு ஒரு கதவு அகலம்.

"எல்வுட், கொஞ்சம் தள்ளி உட்காருப்பா. ஏரி எங்க இருக்குன்னே தெரியல" என்பேன்.

"எனக்குத் தெரியுதே" என்பான், திரும்பாமல்.

அவன் மறைத்த இடத்தில் நாங்களாகக் கொஞ்சம் தண்ணீரை ஊகித்து ஊற்றிக்கொள்வோம்.

கடைசி நாள் மாலை படங்களைப் பெயரில்லாமல் சுவரோரம் சாய்த்து வைப்போம். ஆளுக்கொரு காய்ந்த பீன்ஸ் கொட்டை, அதுதான் ஓட்டு. பிடித்த படத்தின் முன்னால் வைக்கலாம். தன் படத்துக்கு மட்டும் வைக்கக் கூடாது. ஜெயிப்பது ஊர் மன்றத்துச் சுவரில் தொங்கும். அந்தச் சுவருக்காக எல்வுட் பதினான்கு வருஷமாக ஏங்குகிறான். பித்தளை ஆணிகூட வாங்கி வைத்திருக்கிறான்.

இந்த முறை வானத்துக்கும் ஏரிக்குமாக நீலத்தை முழுக்கத் தீர்த்துவிட்டான். மிஞ்சியது சிவப்பும் கறுப்பும். வீணாக்க மனமில்லாமல், அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து வெர்னா அதை ஒரு பலகையில் காலி செய்தாள். என்ன வரைந்தாள் என்று அவன் கேட்கவில்லை.

எல்வுட்டின் படத்துக்கு மூன்று பீன்ஸ், இன்னொன்றுக்கு மூன்று. பாக்கி இருந்தது அவன் கையில் இருந்த ஒன்றுதான். அந்த இன்னொன்றின் முன்னால் போய்க் குனிந்தான். கரையில் பிரம்மாண்டமாக ஏதோ, சிவப்பும் கறுப்புமாகக் கட்டம் கட்டமாக. அதற்கடியில் வெளிறிய ஒரு பட்டை.

"அடேயப்பா, இந்தப் பாறையைப் பாருங்க! என்ன கனம்! கீழ வெள்ளையா இருக்கே, அது பனிதானே?"

எங்கள் கூட்டத்து ஹேசலுக்கு இருமல் வந்துவிட்டது. நான் அடுப்பில் விறகு போட்டேன், தேவையில்லாமல்.

வேறெதற்காவது வைத்திருந்தால் இரண்டும் சமம், இரண்டும் தொங்கியிருக்கும். எல்வுட் மூச்சை இழுத்து விட்டான். "நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு சொல்லணும்" என்று பீன்ஸைப் பாறையின் முன்னால் வைத்தான். "யாரு போட்டது? எங்க இருக்கு இந்தப் பாறை? நான் பார்த்ததே இல்லையே!"

"நீ எப்படிப் பார்ப்ப?" என்றாள் ஹேசல். "அது எப்பவும் உனக்குப் பின்னாடியே வருது."

எல்வுட் கொக்கியில் தொங்கிய தன் சிவப்புக் கட்டம் போட்ட ஜாக்கெட்டைப் பார்த்தான். படத்தைப் பார்த்தான். மெதுவாகக் கையைப் பின்னால் கொண்டுபோய்ச் சட்டையைக் கீழே இழுத்து விட்டுக்கொண்டான்.

"எல்வுட்," பன்னிரண்டாவது பிரஷைத் துடைத்தபடி வெர்னா கேட்டாள், "அந்தப் பித்தளை ஆணியை எந்த டப்பால வச்சிருக்க?"

அவன் ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டான். பிறகு எங்களைப் பார்த்தபடியே, ஒவ்வொரு அடியாகப் பின்னால் வைத்து, கதவை முதுகால் தள்ளி வெளியே போனான்.