தக்காளிக்குப் போர்வை

குளிர் கடுமையான கேப் பிரெட்டன் கடற்கரையில் லாக்கி மெக்காஸ்கில் மாதிரி தக்காளி வளர்க்க ஆளில்லை. அதை அவனே நாலு பேரிடம் சொல்லிக்கொள்வான். அந்தக் குளிரில் தக்காளி பழுப்பதே பெரும்பாடு. செப்டம்பரில் எந்த ராத்திரி உறைபனி விழும் என்று யாருக்கும் தெரியாது. பொழுது சாய்ந்தால் வீட்டிலிருக்கும் படுக்கை விரிப்பையெல்லாம் வாரிக்கொண்டு போய்ச் செடிகளுக்குப் போர்த்திவிடுவான்.

அவன் மனைவி எஃபிக்குப் பிடில் என்றால் உயிர். கோடைக்கு வந்த கூட்டம் கலைந்ததும், செப்டம்பர் ஞாயிறுகளில் எதிர்த்தீவு ஹாலில் ஊர்க்காரர்கள் ஆடுவதற்கென்றே வாசிப்பார்கள். ஆட்டம் முடிந்து படகில் திரும்ப இருட்டிவிடும். வம்பே அங்கேதான்.

"இந்த ஞாயிறாவது போலாமா லாக்கி?"

"பனி விழும்போல இருக்கே. நீ போயிட்டு வாயேன்."

"போய் யார்கூட ஆடறது, நாற்காலி கூடயா? சரி, நீ உன் தக்காளியைத் தூங்க வை."

எல்லாம் பறித்தாகட்டும், போகலாம் என்பான். பறித்து முடிப்பதற்குள் அந்த வருஷத்துக்குப் படகை நிறுத்தியிருப்பார்கள். வருஷா வருஷம் இதே கதை. எஃபி பாத்திரம் கழுவிக்கொண்டே அந்த மெட்டுகளை முணுமுணுப்பாள். "இது என்ன மெட்டு, சொல்லு பாப்போம்" என்பாள். அவன் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தபடி "உம்" என்பான். மடையன், ஒரு தடவையாவது காது கொடுத்திருக்கலாம்.

அவளுக்குக் காது மெல்ல மெல்ல மந்தமாகி, போன குளிர்காலத்தோடு அடியோடு போய்விட்டது. கருவி வைத்தும் பலனில்லை. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்கிறாள்.

இந்த செப்டம்பரில் லாக்கி விரிப்புகளைத் தொடவில்லை. "கிளம்பு, தீவுக்குப் போறோம்" என்றான்.

"தக்காளி?"

"கருகினா கருகட்டும்."

ஹாலில் பிடில்காரர் காலால் தட்டி ஆரம்பித்தார். பலகைத் தரை அதிர்ந்தது. எஃபி ஷூவைக் கழற்றிவிட்டுப் பாதத்தைத் தரையில் ஊன்றினாள். முகம் மலர்ந்துபோயிற்று.

"தாளம் தெரியுது லாக்கி. என்ன மெட்டுன்னு மட்டும் சொல்லு. மிச்சத்தை நானே மனசுக்குள்ள பாடிக்கறேன்."

அவன் சமையலறையில் எத்தனையோ வருஷம் கேட்ட மெட்டுதான். அது தெரிந்தது, பெயர் தெரியவில்லை. பக்கத்திலிருந்தவரிடம் கேட்டுத் திரும்புவதற்குள் பிடில் அடுத்த மெட்டுக்குத் தாவிவிட்டது. எஃபி அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.