சத்து என்று எழுதிய டின்

கல்கத்தா அலுவலகத்தில் எனக்கு யாரும் காலை வணக்கம் சொன்னதில்லை. "ஆஜ் கீ கேயே எலே?" என்பார்கள். இன்றைக்கு என்ன சாப்பிட்டுவிட்டு வந்தாய் என்று அர்த்தம். நம் ஊரில் சாப்பிட்டாச்சா என்று கேட்டால் ஆச்சு என்று சொல்லி நகர்ந்துவிடலாம். அங்கே அது செல்லாது. என்ன, எத்தனை, தொட்டுக்கொள்ள என்ன என்று ஒப்பிக்க வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில் கிடர்பூர் துறைமுகத்தை ஒட்டிய ஓர் அரசு அலுவலகத்துக்கு மாற்றலாகிப் போயிருந்தேன். சால்ட் லேக் குவார்ட்டர்ஸிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற அவசரத்தில், ஒப்பிக்க என்னிடம் இருந்ததெல்லாம் இரண்டு துண்டு ரொட்டியும் டீயும்தான். அடுத்த மேஜை ஷிப்ராதி அதைக் கேட்டு உதட்டைப் பிதுக்குவாள். அவளுடைய டிபன் டப்பாவில் தினமும் இரண்டு அவித்த முட்டை இருக்கும். வசந்தா என்கிற என் பெயரைப் பொஷொந்தா என்று ஆக்கியவளும் அவள்தான். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள்; பெயரின் வாலில் இருக்கிற 'தி'கூட தீதி, அதாவது அக்கா. 'அவர்' என்று எழுதத்தான் வேண்டும், ஆனால் மனசு வரவில்லை.

அவள் செய்ததைச் சொல்கிறேன். எங்கள் பிரிவில் மேலே போக வேண்டுமென்றால் ஷெட் ட்யூட்டி பார்த்திருக்க வேண்டும். கிடங்குகளுக்குப் போய், வந்த சரக்கைக் காகிதத்தோடு ஒப்பிட்டு மதியம் வரை நின்றபடியே பார்க்கிற வேலை. கெஞ்சிக் கூத்தாடி அதை வாங்கினேன். முதல் நாளே, அதிகாரியின் கண் முன்னால், சணல் மூட்டைகளுக்கு நடுவே மயங்கி விழுந்தேன். முகத்தில் தண்ணீர் தெளித்தது கூட வந்திருந்த ஷிப்ராதிதான், அதை மறுக்கவில்லை. தெளித்த கையோடு அதிகாரியிடம், "மேயேட்டா ஹாவா கேயே தாகே" என்றாள். இந்தப் பெண் காற்றைக் குடித்து வாழ்கிறாள் என்று பொருள். எல்லோரும் சிரித்தார்கள். இவளை அனுப்பினால் ஆற்றில் விழுந்துவைப்பாள் என்றும் சேர்த்துக்கொண்டாள். மறுநாள் ஷெட் ட்யூட்டி வேறொருவருக்குப் போய்விட்டது. நான் தபால் பதியும் மேஜைக்குத் திரும்பினேன். அன்று பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன், இவளை ஒரு நாள் பார்த்துக்கொள்கிறேன் என்று கறுவிக்கொண்டேன்.

டாக்டரிடம் போனேன். எனக்கு அப்போது வங்காளி வராது என்பதால் அவர் ஹிந்தியில் பேசினார். உடம்பில் புரோட்டீன் போதவில்லை, காலையில் முட்டை சாப்பிடு என்றார். எங்கள் வீட்டில் முட்டை ஆகாது என்றேன். "தோ சத்தூ லீஜியே" என்றார். அப்படியானால் சத்து எடுத்துக்கொள் என்கிறார் என்று புரிந்துகொண்டேன். எனக்காக ஒரு தமிழ்ச் சொல்லைக் கற்றுவைத்திருக்கிறாரே என்று உருகிப்போனேன். ஆனால் சத்து வேண்டும் என்பது எனக்கே தெரியுமே, எதில் இருக்கிறது என்றல்லவா சொல்ல வேண்டும்? "கிஸ் மே?" என்று கேட்டேன். "பானீ மே. தோடா நமக் டாலியே" என்றார். தண்ணீரிலாம், கொஞ்சம் உப்புப் போட்டாம். உப்புத் தண்ணீர் குடி என்று இவரும் நக்கலடிக்கிறார் என்று நினைத்து, பழிவாங்க வேண்டியவர்கள் பட்டியலில் அவரையும் சேர்த்துக்கொண்டு எழுந்து வந்தேன்.

அடுத்த வாரம் துறைமுக வாசலில் உண்மை தெரிந்தது. பீகாரிலிருந்து வந்த கைவண்டிக்காரர்கள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். தட்டில் மஞ்சள் மாவைக் கொட்டி, உப்பு, வெங்காயம், பச்சைமிளகாய் போட்டுப் பிசைந்து உருட்டி விழுங்கிவிட்டு, மலைபோன்ற மூட்டைகளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். இது என்ன என்று ஒருவரிடம் கேட்டேன். "சத்தூ, தீதி" என்றார். நடுத்தெருவில் நின்று சிரித்துவிட்டேன். வறுத்த கடலையின் மாவுதான் சத்தூ. நம் பொட்டுக்கடலைக்குப் பங்காளி. தேங்காய் போதாத நாளில் சட்னியைக் கெட்டியாக்க நாம் தூவுகிற அதை இவர்கள் சாப்பாடாகவே வைத்திருக்கிறார்கள். பின்னால் வந்த ஷிப்ராதி புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சீ, ஓட்டா குலிதேர் காபார்" என்றாள். கூலிக்காரர்கள் தின்பதாம். வங்காளியில் அதற்குச் சாத்து என்று பெயராம், நாகரிகமான வீட்டில் வாசற்படி ஏறாதாம். அந்த நிமிஷமே அதை என் வீட்டுக்குள் ஏற்றுவது என்று முடிவு செய்தேன்.

காலையில் ஓடுகிறவர்களுக்காகச் செய்முறையையும் சொல்லிவிடுகிறேன். பெரிய டம்ளரில் நாலு ஸ்பூன் மாவு. முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கட்டியில்லாமல் குழைத்து, பிறகு டம்ளர் நிறைய விட வேண்டும். உப்பு, எலுமிச்சை, வறுத்த சீரகப் பொடி. செருப்பு மாட்டிக்கொண்டே குடிக்கலாம். நேரம் இருந்தால் முளைகட்டிய பச்சைப்பயறு ஒரு கை, இல்லாவிட்டால் ஊறவைத்த வேர்க்கடலை. அடுப்பே வேண்டாம். ஆறு மாதத்தில் படியேறினால் மூச்சு வாங்குவது நின்றது. அதிகாரியிடம் மறுபடி போய் நின்றேன். சித்திரை வெயிலில் ஒரு மாதம் பரீட்சை வைத்தார். ஒரு நாள்கூட உட்காரவில்லை. ஷெட் ட்யூட்டி என் பெயருக்கு வந்தது. உத்தரவைப் படிக்கும்போது ஷிப்ராதியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது எனக்குப் போதவில்லை. மிச்சத்தை அவளே கொண்டுவந்து கொடுத்தாள். கொழுப்பு ஏறியிருக்கிறது, முட்டையை நிறுத்து என்று டாக்டர் அவளிடம் சொல்லிவிட்டாராம். வாடிப்போய் என் மேஜைக்கு வந்து, காலையில் நீ என்னதான் சாப்பிடுகிறாய் என்று கேட்டாள். எங்கள் தமிழ்நாட்டுச் சத்து மாவு என்றேன். கரியாஹாட் மார்க்கெட்டில் வாங்கிய சாத்துவில் ஏலக்காய் தட்டிப்போட்டு, பழைய பால்பவுடர் டின்னில் நிரப்பி, மேலே தமிழில் 'சத்து' என்று எழுதிக் கொடுத்தேன். ஆஹா, உங்கள் ஊர்ச் சாமான் என்றால் தனிதான் என்றாள். டின் காலியாகி வரும், நிரப்பிக் கொடுப்பேன். இரண்டு வருஷம். கூலிக்காரர் சாப்பாட்டை ஷிப்ராதி தினமும் ருசித்துச் சாப்பிடுகிறாள் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. நல்ல புத்தி இல்லைதான், ஆனால் அப்படித்தான் இருந்தது.

இரண்டாயிரம் பிறந்த பிறகு சென்னைக்கு மாற்றல் வந்தது. வழியனுப்பு விழாவுக்காகவே கடைசி அடியைப் பத்திரமாக வைத்திருந்தேன். சந்தேஷ் இனிப்பு கொடுத்து, ரஜனிகந்தா என்கிற சம்பங்கி மாலை போட்டு முடித்ததும், இத்தனை வருஷத்தில் பழகியிருந்த வங்காளியில் சொன்னேன்: ஷிப்ராதி இரண்டு வருஷமாகச் சாப்பிடுவது தமிழ்நாட்டு மருந்தல்ல, வாசலில் கூலிக்காரர்கள் தின்கிற அதே சாத்து. பிரிவே குலுங்கிச் சிரித்தது. அவள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

எல்லோரும் டீக்குப் போனதும் டின்னோடு என்னிடம் வந்தாள். "ஜானி" என்றாள். தெரியும் என்று. முதல் நாள் மூடியைத் திறந்தபோதே வாசனை தெரிந்துவிட்டதாம். அவளுடைய அப்பா எல்லைக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். பிரிவினையில் எல்லாம் போய் இங்கே வந்து, இதே வாசலில் மூட்டை தூக்கினார். அவர் பிசைந்து கொடுத்த சாத்துதான் அவளுக்குக் காலைச் சாப்பாடு. வேலை கிடைத்த பிறகு அதை யார் முன்னாலும் தொட முடியவில்லை. "துமி ஒன்னோ நாம் தியேசிலே, தாய் கேத்தே பேரேச்சி" என்றார். நீ வேறு பெயர் கொடுத்தாய், அதனால் என்னால் சாப்பிட முடிந்தது என்று. எனக்குக் காது சூடாகிவிட்டது. இரண்டு வருஷமாக நான் சேர்த்துவைத்த பழியை அவர் ஸ்பூன் ஸ்பூனாகக் கரைத்துக் குடித்திருக்கிறார். பேனாவை எடுத்து, டின்னில் நான் எழுதியதற்கு நேர் பின்பக்கம் வங்காள எழுத்தில் சாத்து என்று எழுதி என் கையில் கொடுத்தார்.

அந்த டின் இப்போது சென்னையில் என் சமையலறை அலமாரியில் இருக்கிறது. உறவுக்காரர்கள் வந்தால் தமிழ்ப் பக்கத்தை முன்னால் வைக்கிறேன், குழந்தைகளுக்கான சத்து மாவு என்று நினைத்துக்கொள்கிறார்கள். போனதும் திருப்பிவிடுகிறேன். இங்கே அலுவலகத்தில் எல்லோரும் குட் மார்னிங் சொல்கிறார்கள். என்ன சாப்பிட்டாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அந்த வங்காள எழுத்தைப் பார்த்து, "சாத்து, ஷிப்ராதி, ஒரு டம்ளர்" என்று ஒப்பித்துவிட்டுத்தான் பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன்.