கோட்டுக்கு வெளியே நின்றவள்

உள் அறையிலிருந்து விசில் சத்தம் கேட்டது. காதைக் கிழிக்கிற நீள விசில். அதன் பின்னாலேயே ஒரு கூட்டம் 'ஓ'வென்று கத்துகிற இரைச்சல். அப்புறம் இரண்டு பேர் சிரிக்கும் சத்தம்.

ஹாலில் பாய் விரித்து ஜெர்ஸிகளை மடித்துக்கொண்டிருந்த அன்புச்செல்வியின் கை அப்படியே நின்றது.

"அம்மா, அத்த நிறுத்து!"

"இருடி, ஒனக்கு இன்னா? இப்பத்தான் பந்து வருது" என்றாள் உள்ளேயிருந்து தங்கம். "ஐய, எப்டி லபக்குனு புட்சிக்கினா பாத்தியா நிஷா? பூன மீன கவ்வுறாப்ல!"

"இன்னொரு வாட்டி போடு ஆயா" என்றது ஓர் இளம்பெண்ணின் குரல்.

மறுபடி விசில். மறுபடி சிரிப்பு.

பெற்ற தாயே சிரித்தால் ஊர் சிரிக்காதா? ஊரும்தான் சிரித்துக்கொண்டிருந்தது. போன வாரம் யாரோ ஒரு புண்ணியவான் செல்போனில் எடுத்த அந்த வீடியோ, மயிலாப்பூரில் பால் போடுகிறவர் வரை போய்ச் சேர்ந்துவிட்டது. கல்லூரிகளுக்கு இடையிலான கூடைப்பந்து அரையிறுதி. ஆட்டம் முடியச் சில நொடிகளே பாக்கி. அன்புச்செல்வியின் அணி ஒரே ஒரு புள்ளி முன்னால் இருக்கிறது. எதிரணிக்காரி கையிலிருந்த பந்தை, இப்போது உள்ளே சிரிக்கிற இதே நிஷா தட்டிவிடுகிறாள். பந்து எல்லைக் கோட்டை நோக்கித் துள்ளி வருகிறது. நிஷா அதைத் துரத்திப் பாய்கிறாள். இரண்டு எட்டு வைத்தால் பந்து அவளுடையது. ஆனால் கோட்டோரத்தில் நின்றிருந்த கோச் அன்புச்செல்வியின் கைகள் கோட்டைத் தாண்டி உள்ளே நீண்டு, ஆட்டத்தில் இருக்கும் பந்தை அழகாகப் பிடித்துக்கொள்கின்றன!

விசில். கோச் செய்த தவறுக்கு எதிரணிக்கு, யாரும் மறிக்காமல் எறிய ஒரு ஃப்ரீ த்ரோ. அது கூடையில் விழுந்தது. புள்ளி சமம். பந்தும் அவர்களுக்கே போயிற்று. அடுத்த கூடையும் அவர்களுடையது. ஆட்டம் முடிந்தது.

ஏன் பிடித்தாய் என்று கேட்காதவர் இல்லை. அவளால் என்ன பதில் சொல்ல முடியும்? பந்து வந்தது, கை போனது. அவ்வளவுதான். அவள் வாழ்க்கை முழுவதுமே அப்படித்தான் நடந்திருந்தது.

சைதாப்பேட்டை ஆற்றோரக் குடிசையில் பிறந்தவள் அன்புச்செல்வி. அம்மா தங்கம் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து வளர்த்தாள். கார்ப்பரேஷன் பள்ளியில் அவள் உயரத்தைப் பார்த்து ஒரு பி.டி. டீச்சர் பந்தைக் கையில் கொடுத்தார். அந்தப் பந்து அவளை நகரத்திலேயே பேர்போன கல்லூரி ஒன்றில், ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட்டில் கொண்டுபோய் உட்கார வைத்தது. அவள் படித்த காலம் முழுக்க அந்த மைதானத்தில் ஒரே கூச்சல்தான்: "அன்புக்குக் குடு! அன்புக்குக் குடு!" யார் பந்தை எடுத்தாலும் அது அன்புவின் கைக்கு வரும். அன்புவின் கையிலிருந்து கூடைக்குப் போகும். பத்திரிகையில் படம் வந்தது. ஆற்றோரத்துக் குடிசைச் சுவரில் அம்மா அதைச் சோற்றுப் பசை தடவி ஒட்டினாள்.

அப்புறம் ஒரு நாள் முழங்கால் மடங்கியது. மறுபடி பழையபடி நிமிரவேயில்லை. கல்யாணம் ஒன்று நடந்தது. அதுவும் நிலைக்கவில்லை. பெருவெள்ளம் வந்த வருஷம் குடிசையும் போய், அம்மாவுக்குப் பெரும்பாக்கம் அரசாங்கக் குடியிருப்பில் எட்டாவது மாடி வீடு கிடைத்தது. பள்ளிக்குப் பள்ளி தற்காலிக வேலை, ஜிம்மில் வேலை என்று அலைந்து, நாற்பதை நெருங்கும்போதுதான் மயிலாப்பூரின் இந்தச் சின்னப் பெண்கள் கல்லூரி அவளைக் கூப்பிட்டது. தலைமைப் பயிற்சியாளர்! அம்மாவைக் கூட்டிக்கொண்டு மாடவீதிக்குப் பின்னாலிருந்த சந்தில் மாடி போர்ஷனுக்குக் குடிவந்தாள்.

வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது, அவளைத் தவிர அங்கே வேறு கோச் கிடையாது. "ஹெட்டு மட்டும் கீது, பாடி எங்க மிஸ்?" என்று முதல் நாளே நிஷா கேட்டுவிட்டாள். மைதானமும் பாதிதான். ஒரு பக்கம் கூடை, இன்னொரு பக்கம் ஸ்கூட்டி ஸ்டாண்ட். அடுத்த வருஷம் அணி இறுதி ஆட்டம் வரைக்கும் வராவிட்டால் மீதிப் பாதியையும் வண்டிகளுக்கே விட்டுவிடலாம் என்று பிரின்சிபால் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். மைதானம் போனால் கோச் எதற்கு? ஜெர்ஸி துவைக்கக்கூடக் கல்லூரியில் வசதியில்லை. வாரம் ஒரு முறை மூட்டை கோச் வீட்டுக்கு வரும். முறை வைத்து ஒரு பெண் வந்து கூடத் துவைப்பாள். இன்றைக்கு நிஷாவின் முறை. பெரும்பாக்கத்திலிருந்து பஸ் மாறி வந்து துவைத்துக் காயவைத்து எடுத்துக் கொடுத்துவிட்டு, இப்போது உள்ளே ஆயாவுடன் வீடியோ பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நிஷா முதலாண்டு மாணவி. அந்த அணி என்றால் நிஷாதான்.

வாசல் மணி அடித்தது. மழைக்கு ஊறிப்போன கதவு. அன்புச்செல்வி தோளைக் கொடுத்து இழுத்துத் திறந்தாள்.

வெளியே மதுமதி நின்றிருந்தாள்.

ஒரு காலத்தில் அன்புவுக்குப் பந்து எடுத்துக் கொடுத்தவள். பத்திரிகைப் படங்களின் ஓரத்தில் பாதி முகமாகத் தெரிந்தவள். இன்று அதே பெரிய கல்லூரிக்கு அவள்தான் கோச். போன வாரம் ஜெயித்ததும் அவள் அணிதான்.

"லஸ் கார்னர் முழுக்க மெட்ரோ வேலைக்கு அடைச்சு வெச்சிருக்கான்டி. வண்டிய மந்தைவெளியில நிறுத்திட்டு நடந்தே வரேன்" என்றபடி நாற்காலியில் சாய்ந்தாள் மதுமதி. "தண்ணி குடு முதல்ல. வீடியோ பத்தி நான் ஒண்ணும் கேக்க மாட்டேன், பயப்படாதே."

"கேட்டாத்தான் என்ன? அம்மாவே தினம் படம் ஓட்டறா."

சொம்பு காலியாயிற்று. பிறகு மதுமதி நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"எனக்கு நிஷா வேணும்."

உள் அறையில் வீடியோ சத்தம் சட்டென்று நின்றது. அன்புச்செல்வி அதைக் கவனித்தாள். மதுமதி கவனிக்கவில்லை.

"ஜூன்ல எங்க காலேஜ்ல மறுபடி ஃபர்ஸ்ட் இயர் சேரட்டும். ஒரு வருஷம் போகும், போனாப் போகுது. ஃபீஸ் கிடையாது. ஹாஸ்டல் கிடையாதுன்னு சொன்னவங்களை நானே சண்டை போட்டு சரிகட்டிட்டேன். முழு கோர்ட், நல்ல ஷூ, டாக்டர். நம்ம வழக்கம் உனக்குத் தெரியும். கோச்சைக் கேக்காம எந்தப் பொண்ணுகிட்டயும் நான் பேசமாட்டேன். நீ கூடாதுன்னா கூடாது. அவ பக்கமே திரும்ப மாட்டேன்."

அது உண்மை. எழுதி வைக்காத சட்டம் அது. ஒரு கோச் முடியாது என்று சொல்லிவிட்டால், அந்தப் பெண்ணை ஊரில் வேறு எந்த கோச்சும் தொடமாட்டார்கள். அன்புச்செல்வி ஒரு தலையசைப்பில் இதை முடித்துவிடலாம்.

"உனக்கே தெரியும் மது. அவ போனா என் டீமே இல்ல. டீம் இல்லேன்னா நான் இல்ல."

"தெரியும்." மதுமதியின் குரல் தணிந்தது. "யுனிவர்சிட்டி ஃபைனல் ஞாபகம் இருக்கா? உன்னை மூணு பேர் மறிச்சாங்க. கூடைக்குக் கீழே நான் தனியா நின்னேன். ஈ காக்கா இல்ல என் பக்கத்துல. நீ என்னைப் பாக்கவே இல்ல அன்பு. நீயே எறிஞ்சே. விழல."

"நீ கத்தியிருக்கலாமே?"

"கத்தினேன்டி! காலேஜே 'அன்புக்குக் குடு'ன்னு கத்தும்போது என் குரல் எங்க கேக்கும்?" மதுமதி சிரித்தாள். ஆனால் கண் சிரிக்கவில்லை. "அத்தனை வருஷம் உனக்கே குடுத்தேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நீ எனக்குக் குடேன். நிஷாவைக் குடு."

அன்புச்செல்வி பாயில் உட்கார்ந்து ஒரு ஜெர்ஸியை மடியில் எடுத்துக்கொண்டாள். தினம் காலையில் தன் பாதி மைதானத்தில் தானே கத்துவது அவள் காதில் விழுந்தது. "நிஷாவுக்குக் குடு! ஏய், நிஷாவுக்குக் குடு!" மற்றப் பெண்கள் பந்தைக் கொடுத்துவிட்டுக் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பதும் கண்ணில் தெரிந்தது. அவர்களில் எத்தனை மதுமதிகள்?

"நிஷா என்ன பந்தா மது, நான் எடுத்து உன் கையில குடுக்கறதுக்கு?" என்றாள் மெதுவாக. பிறகு குரலை உயர்த்தினாள். "நிஷா, வெளிய வா."

மதுமதி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். கதவோரமாக நிஷா வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் தங்கம்.

"கேட்டுக்கினுதான் இருந்தேன் மிஸ்" என்றாள் நிஷா. மதுமதியைப் பார்த்து, "ஹாஸ்டல்ல மூணு வேளயும் சோறு போடுவாங்களா மேடம்?" என்றாள்.

"போடுவாங்கம்மா. முட்டையும் உண்டு."

"காலைல அஞ்சு மணிக்கு பஸ்ஸு புடிக்க வேணாம்ல?"

"வேணாம். ரூமிலிருந்து இறங்கினா மைதானம்."

"அடியேய்!" என்று முன்னால் பாய்ந்தாள் தங்கம். "என் பொண்ணு சொந்தக் காசுல பன்னும் பாலும் வாங்கிக் குட்த்து ஒன்ன ஆளாக்கினா, நீ முட்டக்கி போறியா? நன்றி கெட்டவளே!"

"அம்மா, நீ சும்மா இரு."

"இன்னாத்துக்கு சும்மா இருக்கணும்? போன வாரம் ஊரே சிரிச்சுது. இப்ப சோத்துலயும் மண்ணு!"

நிஷாவின் கண்ணில் நீர் முட்டியது. அவள் அன்புச்செல்வியின் முன்னால் பாயில் உட்கார்ந்தாள். "நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க மிஸ். போவாதன்னு சொல்லுங்க. சத்தியமா போவல."

பந்து மறுபடியும் துள்ளி வந்தது. நேராக, அவள் கைக்கே. கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறது. நீட்டினால் போதும். மைதானம் பிழைக்கும், வேலை பிழைக்கும், அம்மாவின் வாய் அடங்கும். 'போகாதே' என்ற சொல் அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அன்புச்செல்வி மடியிலிருந்த ஜெர்ஸிக்குள் இரண்டு கையையும் விட்டு இறுக்கிக்கொண்டாள். வாயைத் திறக்கவில்லை. நிஷாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"மிஸ்..."

"நான் கோட்டுக்கு வெளியத்தான் நிக்கணும் நிஷா. அன்னைக்கு உள்ள கைய வுட்டு ஒன் பந்தப் புட்சிட்டேன். இன்னைக்கு மாட்டேன். நீ ஆடு."

நிஷா புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு எழுந்தாள்.

"ஒங்க காலேஜுக்கு வரேன் மேடம்" என்றாள், மதுமதியிடம்.

தங்கம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். நிஷா என்ன செய்வதென்று தெரியாமல், மீதியிருந்த ஜெர்ஸிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். மடிப்பு கோணலாக வந்தது. பிரித்து மறுபடி மடித்தாள்.

மதுமதி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் தயங்கினாள். கேட்டது கிடைத்தவளின் முகமாக அது இல்லை.

"நீ முடியாதுன்னு சொல்லுவேன்னுதான் நினைச்சு வந்தேன் அன்பு."

"நானும் அப்படித்தான் நினைச்சேன்."

"இனி என்ன பண்ணுவே?"

"மத்த பொண்ணுங்க இருக்காங்களே. அவங்கள்ல யாரு எப்படி ஆடுவாங்கன்னே நான் இன்னும் பாக்கல. காலையில போய் முதல்ல அதைப் பாக்கணும்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்: "அன்னைக்கு ஃபைனல்ல நீ கத்தினது எனக்குக் கேட்டுது மது."

மதுமதி அவளையே பார்த்தாள். அவள் தோளை ஒரு தடவை அழுத்தினாள். படியிறங்கிப் போனாள். அவள் தலை சந்து முனையில் மறையும்வரை அன்புச்செல்வி நின்றாள்.

பிறகு ஊறிப்போன கதவைத் தோளால் முட்டித் தள்ளிச் சாத்தினாள்.